கப்பலுக்குச் செப்புச் சட்டை!

செப்புக் குடத்தில் களிம்பு பிடித்தால் என்ன செய்கிறோம்? கொஞ்சம் புளியைக் கரைத்து, நன்றாகத் தேய்த்துக் கழுவுகிறோம். குடம் பளபளக்கிறது. களிம்பு விஷம். அது தண்ணீரில் சேரக் கூடாது. இது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

செம்பின் அந்த விஷக் குணம்தான் ஒரு காலத்தில் பெரிய பெரிய போர்க் கப்பல்களைக் காப்பாற்றியது. சொன்னால் நம்புவீர்களா?

அது மட்டுமல்ல. இன்று மரத்தில் சின்னக் கப்பல் செய்து வீட்டில் வைப்பவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். அந்தச் சின்னக் கப்பலின் அடிப்பாகத்தில் பொடிப் பொடியாகச் செப்புத் தகடு ஒட்டுகிறார்கள். ஒன்றல்ல, இரண்டல்ல. 2000 தகடுகளுக்கு மேல்! அலமாரியில் நிற்கப்போகும் கப்பலுக்கு எதற்கு இந்தப் பாடு?

அழகுக்காகத்தான் என்று நினைப்பீர்கள். அழகுதான். ஆனால் அந்தத் தகடுகளை எங்கிருந்து தொடங்குவது, எந்தப் பக்கமாக ஒட்டுவது, எந்தக் கப்பலுக்கு ஒட்டக் கூடாது என்பதற்கெல்லாம் காரணம் உண்டு. அந்தக் காரணங்கள் கடலில் பிறந்தவை. முதலில் அந்தக் கதையைப் பார்ப்போம். பிறகு கத்தரிக்கோலை எடுக்கலாம்.

மரத்தைத் தின்னும் புழு

மரக் கப்பலுக்குப் புயலை விடப் பெரிய எதிரி ஒன்று இருந்தது. அது கப்பல் புழு. பெயர்தான் புழு. உண்மையில் அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. அதன் ஓடு மிகச் சிறியது. அந்த ஓட்டையே அரம் போல உபயோகித்து மரத்தைக் குடைந்துகொண்டு உள்ளே போகும். உள்ளேயே வளரும்.

வெளியில் பார்த்தால் ஊசி முனை அளவு துவாரம்தான் தெரியும். உள்ளே மரம் தேன்கூடு போலத் துளைத்துக் கிடக்கும். நடுக்கடலில் ஒரு பலகை உடைந்தால் கப்பலில் இருப்பவர்களின் கதி என்ன?

இரண்டாவது எதிரி பாசி. அதோடு கொட்டலசும் சேரும். பாறையிலும் படகிலும் ஒட்டிக்கொள்ளும் சிறு ஓட்டுயிர்களைத்தான் கொட்டலசு என்கிறோம். இவை அடிப்பாகம் முழுவதும் படர்ந்துவிட்டால் கப்பலின் வேகம் குறையும். காற்று நன்றாக வீசும். பாய் நன்றாக விரியும். கப்பல் மட்டும் நகராது. போரில் மெதுவாகப் போகும் கப்பல் பிடிபடும்.

நம் மீனவர்கள் வேலை முடிந்ததும் கட்டுமரத்தைக் கரையில் இழுத்துப் போட்டுக் காய வைக்கிறார்கள். காய்ந்த மரத்தில் கப்பல் புழு பிழைக்காது. ஆனால் நூற்றுக்கணக்கான ஆட்களும் பீரங்கிகளும் கொண்ட கப்பலை அப்படிக் கரையில் போட முடியுமா? கரி எண்ணெய் பூசிப் பார்த்தார்கள். மேலே இன்னொரு பலகை அடித்துப் பார்த்தார்கள். ஈயத் தகடு அடித்துப் பார்த்தார்கள். எதுவும் முழுப் பலன் தரவில்லை.

ஆணியைத் தின்ற செம்பு

1761-ஆம் ஆண்டு. பிரிட்டிஷ் கடற்படை ஒரு சோதனை செய்தது. 'அலாரம்' என்ற போர்க் கப்பலின் அடிப்பாகம் முழுவதும் மெல்லிய செப்புத் தகடு அடித்தார்கள். கப்பலை மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். வெதுவெதுப்பான கடல் அது. கப்பல் புழுவுக்குக் கொண்டாட்டமான இடம்.

1763-இல் கப்பலைத் திரும்பப் பரிசோதித்தார்கள். செம்பு இருந்த இடத்தில் புழு இல்லை. பாசி இல்லை. அதிகாரிகளுக்கு மகிழ்ச்சி.

ஆனால் அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. கப்பலின் இரும்பு ஆணிகளைப் பார்த்தார்கள். செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த ஆணிகள் அரித்துப் போயிருந்தன! மரத்தைக் காப்பாற்றிய செம்பு, மரத்தைப் பிடித்திருந்த இரும்பைத் தின்றுவிட்டது.

இன்னொரு அதிசயமும் தெரிந்தது. சில ஆணிகள் மட்டும் நன்றாக இருந்தன. ஏன்? செப்புத் தகடுகள் பழுப்புக் காகிதத்தில் சுற்றி வந்திருந்தன. சில இடங்களில் அந்தக் காகிதத்தைப் பிரிக்காமலே தகட்டை அடித்துவிட்டார்கள். காகிதம் நடுவில் இருந்த இடத்தில் செம்பு இரும்பைத் தொடவில்லை. அங்கே ஆணிகள் பிழைத்தன.

காரணம் என்ன? இரண்டு வேறு உலோகங்கள் உப்பு நீரில் ஒன்றையொன்று தொட்டால் மின்சாரம் ஓடும். டார்ச் விளக்கில் போடும் பாட்டரியைப் போலத்தான். அந்த மின்சாரம் ஓட ஓட, இரும்பு கரையும். இது இன்று பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். அன்று தெரியாது. வோல்ட்டா என்ற இத்தாலிய விஞ்ஞானி முதல் பாட்டரியைச் செய்ததே 1800-ஆம் ஆண்டில்தான்.

காரணம் தெரியாவிட்டாலும் கடற்படை செம்பை விட்டுவிடவில்லை. 1779 முதல் கப்பல் கப்பலாகச் செம்பு அடித்தார்கள். தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் தடித்த காகிதம் வைத்தார்கள். அதுவும் போதவில்லை. முடிவில் இரும்பு ஆணிகளையே எடுத்துவிட்டு, நீருக்கு அடியில் செம்பு ஆணிகளை அடித்தார்கள். பிறகுதான் பயம் தீர்ந்தது.

ஒன்பது முறை ஆரவாரம்

செம்புச் சட்டை போட்ட கப்பல்களில் மிகப் புகழ் பெற்றது அமெரிக்காவின் 'கான்ஸ்டிடியூஷன்'. 1797-இல் பாஸ்டன் நகரில் கடலில் இறக்கப்பட்டது. இன்றும் அதே பாஸ்டனில் மிதந்துகொண்டிருக்கிறது! உலகெங்கும் மாதிரிக் கப்பல் செய்பவர்கள் விரும்பிச் செய்யும் கப்பல்களில் இதுவும் ஒன்று.

முதலில் அதற்குப் போட்ட செப்புத் தகடு இங்கிலாந்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் அவ்வளவு பெரிய தகடு செய்ய ஆலை இல்லை. போர் வந்தால் இங்கிலாந்து தகடு தருமா?

பால் ரெவியர் என்ற வெள்ளி வேலைக்காரர் இதை யோசித்தார். அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கியபோது, ஆங்கிலப் படை வருகிறது என்று இரவில் குதிரையில் போய் எச்சரித்தாரே, அவரேதான். தம் கைப் பணத்தையும் அரசாங்கத்தில் வாங்கிய கடனையும் போட்டு, 1801-இல் செப்புத் தகடு ஆலை தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 60-க்கு மேல்!

1803-இல் 'கான்ஸ்டிடியூஷன்' கப்பலுக்குப் பழைய தகடுகளை உரித்துவிட்டு, ரெவியரின் தகடுகளை அடித்தார்கள். 14 நாளில் வேலை முடிந்தது. தச்சர்கள் ஒன்பது முறை ஆரவாரம் செய்தார்கள். மாலுமிகள் பதிலுக்கு ஆரவாரம் செய்தார்கள். தங்கள் நாட்டிலேயே செய்த செம்பு என்ற பெருமை அவர்களுக்கு!

1812-இல் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போர் மூண்டது. ஒரு சண்டையில் எதிரியின் குண்டுகள் இந்தக் கப்பலின் கனமான மரத்தில் பட்டுத் தெறித்தன. அதிலிருந்து இதற்கு 'கிழட்டு இரும்பு விலா' என்ற பட்டப் பெயர் வந்தது. வேடிக்கையைப் பாருங்கள். உடம்பு மரம். சட்டை செம்பு. பெயர் மட்டும் இரும்பு!

இந்தக் கப்பலுக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1812 டிசம்பர் 29-இல் பிரேசில் நாட்டுக் கரைக்கு அப்பால் 'ஜாவா' என்ற ஆங்கிலக் கப்பலை இது முறியடித்தது. 'ஜாவா' இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த கப்பல். பம்பாயில் கட்டிக்கொண்டிருந்த போர்க் கப்பலுக்கு வேண்டிய செம்பு அதில் இருந்தது. அங்கே கட்டவிருந்த இன்னொரு கப்பலின் வரைபடங்களும் இருந்தன. 'ஜாவா'வைக் கொளுத்திவிட்டார்கள். எல்லாம் போயிற்று.

வரைபடங்களை மறுபடியும் அனுப்ப வேண்டியதாயிற்று. பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தில் அந்தக் கப்பலைக் கட்டினார்கள். 1817-இல் அது கடலில் இறங்கியது. அதன் பெயர் என்ன தெரியுமா? 'டிரிங்கோமலி'. இலங்கையில் இருக்கும் நம் திருகோணமலையின் பெயர்தான்! இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் அந்தக் கப்பலைப் பார்க்கலாம்.

கணக்குப் போடுவோம்

இனி சின்னக் கப்பலுக்கு வருவோம். 'கான்ஸ்டிடியூஷன்' கப்பலையே செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். உண்மைக் கப்பலில் 76-இல் ஒரு பங்கு அளவு. தண்ணீர் மட்டத்தில் உண்மைக் கப்பலின் நீளம் 175 அடி. உங்கள் கப்பலில் அது சுமார் 70 சென்டிமீட்டர் வரும்.

உண்மைத் தகடு 4 அடி நீளம், 14 அங்குல அகலம். கனம் சுமார் 1 மில்லிமீட்டர். ஒரு தகடு ஏறத்தாழ 4 கிலோ எடை. இதை 76-ஆல் வகுத்தால் 16 மில்லிமீட்டர் நீளம், 5 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அகலம் வரும்.

கனத்தையும் 76-ஆல் வகுத்தால் தலைமயிரை விட மெல்லிய தகடு வேண்டும்! அவ்வளவு மெல்லிய தகட்டைக் கையாள முடியாது. அதனால் மாதிரிக் கப்பல் செய்பவர்கள் செப்பு நாடா வாங்குகிறார்கள். ஒரு பக்கம் பசை தடவிய மெல்லிய நாடா அது. வண்ணக் கண்ணாடித் துண்டுகளை இணைத்து ஜன்னலும் விளக்கும் செய்யும் கைவினைக்காரர்கள் உபயோகிப்பது. 4.8 மில்லிமீட்டர் அகலத்தில் கிடைக்கிறது. நமக்கு வேண்டிய அகலம் ஏறக்குறைய அதுதான்! 16 மில்லிமீட்டர் நீளத்துக்கு நறுக்கிக்கொண்டே போக வேண்டியதுதான்.

தனித் தனியாக வெட்டிய செப்புத் தகடுகளும் விற்கின்றன. அவற்றில் பசை இருக்காது. உடனே பிடிக்கும் பசையை ஊசி முனையால் தொட்டு வைத்து ஒட்ட வேண்டும். அந்தப் பசை விரலோடு விரலையும் ஒட்டிவிடும். சிறுவர்கள் செய்தால் பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். செப்புத் தகட்டின் ஓரம் பிளேடு போல அறுக்கும். ஜாக்கிரதை!

ஒரு நிமிஷத்துக்கு ஒரு தகடு என்று வைத்தாலும், 2200 தகடு ஒட்ட 36 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் கப்பல் செம்பு உடுத்திவிடும்.

உடம்பு வழுவழுப்பாக வேண்டும்

சுவரில் மேடு பள்ளம் இருந்தால் எவ்வளவு நல்ல வர்ணம் அடித்தாலும் தெரியும் அல்லவா? செப்புத் தகடும் அப்படித்தான். வர்ணத்தை விட மோசம். உலோகம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். ஒரு சின்னக் கட்டி இருந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

அதனால் முதலில் பலகைகளுக்கு நடுவில் உள்ள இடுக்குகளை மக்கு வைத்து அடையுங்கள். காய்ந்ததும் உப்புத்தாளால் தேயுங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். கண்ணை விட விரல் நன்றாகக் கண்டுபிடிக்கும். பிறகு மெல்லிய வார்னீஷ் ஒரு தடவை பூசுங்கள். வெறும் மரத்தில் நாடாவின் பசை பிடிக்காது. வார்னீஷ் மேல் நன்றாகப் பிடிக்கும். காய்ந்த பிறகு தூசி தட்டித் துடைத்துவிடுங்கள்.

நீர்க்கோடு போடுவது எப்படி?

கப்பல் மிதக்கும்போது தண்ணீர் மட்டம் எங்கே வரும்? அதுதான் நீர்க்கோடு. செம்பு அதுவரைதான். அதற்கு மேல் வர்ணம்.

வளைந்த உடம்பில் நேர்க்கோடு போடுவது கஷ்டம். அதற்கு ஒரு சுலபமான வழி. சமமான மேஜையில் கப்பலை ஆடாமல் நிற்க வையுங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் வரைபடத்தில் உள்ள உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மரக்கட்டையின் மேல், நீர்க்கோட்டின் உயரத்தில், பென்சிலைப் படுக்க வைத்துக் கட்டுங்கள். கட்டையை மேஜையின் மேல் நகர்த்திக்கொண்டே கப்பலைச் சுற்றி வாருங்கள். பென்சில் தானே கோடு போட்டுவிடும்.

மீன் செதிலைப் பாருங்கள்

இப்போது முக்கியமான கேள்வி. முதல் தகட்டை எங்கே ஒட்டுவது?

கடைத் தெருவில் வாங்கிய மீனைத் தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகும். வாலிலிருந்து தலைப் பக்கமாகத் தடவுங்கள். கையைக் குத்தும். முன்னால் உள்ள செதில் பின்னால் உள்ள செதிலின் மேல் படிந்திருப்பதுதான் காரணம். மீன் நீந்தும்போது தண்ணீர் செதிலுக்கு அடியில் புகாது.

கப்பலுக்கும் அதே நியாயம்தான். முன் தகடு, பின் தகட்டின் மேல் கொஞ்சம் படிய வேண்டும். மாற்றி அடித்தால், கப்பல் ஓடும்போது தண்ணீர் ஓரத்தில் புகுந்து தகட்டைக் கிழித்துவிடும். கிழிந்த இடத்தில் புழு ஏறும்.

ஆகவே பின்பக்கத்தில் தொடங்குங்கள். கப்பலின் அடியில் முதுகெலும்பு போல ஓடும் நீண்ட கட்டையை ஏராக்கட்டை என்பார்கள். அதை ஒட்டி, சுக்கான் பக்கத்தில் முதல் தகடு. அதன் முன் ஓரத்தில் ஒரு நூல் அளவு ஏறும்படி இரண்டாவது தகடு. இப்படியே முன்பக்கம் வரை போக வேண்டும். ஒரு வரிசை முடிந்ததும் அதற்கு மேல் அடுத்த வரிசை. கனமான தகடு உபயோகிப்பவர்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏற்றாமல் ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஒட்டுவதே நல்லது. இல்லாவிட்டால் ஓரங்கள் படிக்கட்டு போலத் தெரியும்.

செங்கல் சுவர் கட்டுவதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு வரிசையின் சேர்க்கை அடுத்த வரிசையின் சேர்க்கைக்கு நேராக வராது. இங்கேயும் அப்படித்தான். இரண்டாவது வரிசையை அரைத் தகட்டில் தொடங்குங்கள்.

ஒவ்வொரு தகட்டையும் ஒட்டியதும் வழுவழுப்பான மரக் குச்சியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து விடுங்கள். விரலால் தேய்க்காதீர்கள். விரலில் வேர்வை இருக்கிறது. இன்று தெரியாது. சில வாரம் கழித்து அந்த இடத்தில் கறுப்பாக விரல் ரேகை தெரியும்! மெல்லிய கையுறை போட்டுக்கொள்வது உத்தமம்.

பானையும் காகிதமும்

பத்துப் பன்னிரண்டு வரிசை போனதும் ஒரு சிக்கல் வரும். வரிசைகள் கப்பலின் முன்பக்கமும் பின்பக்கமும் மேலே ஏறிக்கொண்டு போகும். நடுவில் மட்டும் தாழ்ந்து நிற்கும். கை தவறிவிட்டது என்று பலர் இங்கே பயந்து, எல்லாவற்றையும் உரித்துவிடுகிறார்கள்.

பயப்பட வேண்டாம். ஒரு பானையின் மேல் காகிதம் ஒட்டிப் பாருங்கள். காகிதம் சுருங்கும். கப்பலும் பானை மாதிரிதான். நடுவில் வயிறு பெருத்திருக்கும். இரண்டு முனையும் ஒடுங்கியிருக்கும். நடுவில் 20 வரிசைக்கு இடம் இருந்தால் முனையில் அவ்வளவு இருக்காது.

பழைய கப்பல் தச்சர்களுக்கும் இதே சிக்கல் வந்தது. அவர்கள் என்ன செய்தார்கள்? கொஞ்சம் வரிசை போனதும் நிறுத்திவிட்டு, நீர்க்கோட்டுக்கு இணையாகப் புது வரிசைக் கட்டு ஒன்றைத் தொடங்கினார்கள். இரண்டு கட்டும் சந்திக்கும் இடத்தில் தகடுகளைச் சாய்வாக வெட்டிப் பொருத்தினார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம். அந்தச் சாய்வு வெட்டு குறை அல்ல. விஷயம் தெரிந்தவர்கள் முதலில் தேடிப் பார்ப்பதே அதைத்தான்.

கடைசியாக நீர்க்கோட்டை ஒட்டி, முழு நீளத்துக்கும் ஒரு நேர் வரிசை ஒட்டுங்கள். வெட்டுப்பட்ட ஓரங்கள் எல்லாம் அதற்குள் மறைந்துவிடும். புடவைக்குக் கரை வைத்தது போல இருக்கும்.

ஆணி வேண்டுமா?

உண்மைத் தகடு ஒவ்வொன்றையும் பல செப்பு ஆணிகளால் அடித்தார்கள். மாதிரிக் கப்பலிலும் ஆணி தெரிய வேண்டும் என்று பலருக்கு ஆசை. பல் வைத்த சின்னச் சக்கரத்தைத் தகட்டின் மேல் உருட்டினால் புள்ளி புள்ளியாக விழும்.

ஆசை அளவோடு இருக்கட்டும். உண்மைக் கப்பலில் ஆணியின் தலை தகட்டோடு சமமாக இருக்கும்படி அடித்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. சின்னக் கப்பலில் ஆணி கொப்புளம் போல மேலெழும்பி நின்றால், அது பாய்மரக் கப்பலாக இருக்காது. நீராவி இஞ்சின் கொதிகலன் போல ஆகிவிடும்! மெதுவாக அழுத்தினால் போதும்.

பளபளப்பா, பழுப்பா?

வேலை முடிந்த அன்று கப்பல் புதுக் குடம் போல ஜொலிக்கும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தொட்டு மெதுவாகத் துடைத்துச் சுத்தத் துணியால் ஒற்றி எடுத்தால் இன்னும் ஜொலிக்கும். சாறு மரத்தில் ஊறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஜொலிப்பு நிலைக்க வேண்டும் என்றால் மேலே மெல்லிய வார்னீஷ் பூச வேண்டும். வேண்டாம் என்றால் அப்படியே விடுங்கள். ஒரு வருஷத்தில் தானே பழுப்பேறும். கடலில் ஓடிய கப்பல் தண்ணீருக்கு அடியில் அந்த நிறத்தில்தான் இருந்தது. பச்சை நிறம் வேண்டும் என்பவர்கள் நீர்க்கோட்டை ஒட்டி மட்டும் லேசாகக் காட்டலாம். காற்றும் தண்ணீரும் மாறி மாறிப் படும் இடம் அதுதான்.

இந்தத் தவறு வேண்டாம்

எல்லா மரக் கப்பலுக்கும் செம்பு ஒட்டிவிடக் கூடாது. கொலம்பஸ் 1492-இல் போன கப்பலுக்குச் செம்பு கிடையாது. வாஸ்கோடகாமா 1498-இல் கள்ளிக்கோட்டைக்கு வந்த கப்பலுக்கும் கிடையாது. நெல்சன் தளபதியின் புகழ் பெற்ற 'விக்டரி' கப்பல் 1765-இல் கடலில் இறங்கியபோது அதற்கும் செம்பு இல்லை. 1780-இல்தான் அடித்தார்கள். எந்த ஆண்டுக் கப்பலைச் செய்கிறோம் என்று தெரிந்துகொண்டு ஒட்ட வேண்டும்.

நிறத்தையும் பார்க்க வேண்டும். 1832-இல் மன்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் 60 பங்கு செம்பும் 40 பங்கு துத்தநாகமும் கலந்து புதுத் தகடு செய்தார். செம்பை விட விலை மலிவு. மஞ்சள் நிறம். 1869-இல் நீரில் இறங்கிய 'கட்டி சார்க்' என்ற தேயிலைக் கப்பலுக்கு இந்த மஞ்சள் தகடுதான். அதன் மாதிரிக்குச் சிவப்புச் செம்பு ஒட்டினால் பொருந்தாது. லண்டனில் உள்ள கிரீனிச்சில் 'கட்டி சார்க்' இருக்கிறது. 2012 முதல் அதைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்திருக்கிறார்கள். கப்பலுக்கு அடியில் நடந்து, அதன் மஞ்சள் வயிற்றை அண்ணாந்து பார்க்கலாம்.

விஞ்ஞானி காத்தார், கப்பல் கெட்டது!

இன்னும் ஒரு கதை பாக்கி இருக்கிறது. செம்பு கடலில் சும்மா இருக்கவில்லை. நாளுக்கு நாள் கரைந்துகொண்டே வந்தது. சில ஆண்டுக்கு ஒரு முறை தகடு மாற்ற வேண்டும். பெரிய செலவு.

ஹம்ப்ரி டேவி என்ற பெரிய விஞ்ஞானி இதற்கு வழி கண்டார். சுரங்கத் தொழிலாளருக்குப் பாதுகாப்பு விளக்கு செய்து கொடுத்தவர் இவர். 1824-இல் செப்புத் தகட்டோடு சின்ன இரும்புத் துண்டுகளைச் சேர்த்து வைக்கச் சொன்னார். 'அலாரம்' கப்பலில் இரும்பு கரைந்ததல்லவா? அதே தத்துவம்தான். இரும்பு கரையட்டும், செம்பு பிழைக்கட்டும் என்றார்.

அவர் சொன்னபடியே நடந்தது. செம்பு கரையவில்லை. கப்பல்கள் கடலுக்குப் போய்த் திரும்பின. அடிப்பாகத்தைப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். செம்பின் மேல் பாசியும் கொட்டலசும் மண்டிக் கிடந்தன!

ஏன்? கரையும் செம்புதான் பாசிக்கு விஷம். செம்பு கரையாவிட்டால் விஷமும் இல்லை. டேவி செம்பைக் காப்பாற்றினார். செம்பு கப்பலைக் காப்பாற்றவில்லை. கடற்படை அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

செம்பின் வேலையே கரைவதுதான் என்பது அப்போது விளங்கியது. தகடு தேய்ந்தால் கப்பல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். தேய்ந்த தகட்டை உரித்துவிட்டுப் புதுத் தகடு அடிக்க வேண்டியதுதான்.

இன்றும் தொடரும் வேலை

'கான்ஸ்டிடியூஷன்' கப்பலுக்கு இன்றும் அதுதான் நடக்கிறது. 2015-இல் அதை உலர் துறைக்குக் கொண்டு வந்து, சுமார் 2200 செப்புத் தகடுகளைப் புதிதாக அடித்தார்கள். பார்க்க வந்த பொது மக்கள் அந்தத் தகடுகளில் கையெழுத்துப் போட்டார்கள். 2017 ஜூலையில் கப்பல் மறுபடியும் தண்ணீரில் இறங்கியது. எத்தனையோ சாதாரண மனிதர்களின் பெயர்கள் இன்று அந்தக் கப்பலுக்கு அடியில், கடலுக்குள் இருக்கின்றன.

இன்றைய கப்பல்கள் எஃகுக் கப்பல்கள். அவற்றுக்குச் செப்புத் தகடு கிடையாது. ஆனால் அவற்றின் அடியில் பூசும் வர்ணங்களில் பலவற்றில் இன்றும் செம்புச் சேர்மம் கலந்திருக்கிறது. சட்டை போய்ச் சாயம் வந்திருக்கிறது. காவல் காப்பது அதே செம்புதான்.

உங்கள் வீட்டு அலமாரியில் ஒரு சின்னக் கப்பல் நிற்கட்டும். பக்கத்து வீட்டுப் பையன் வந்து பார்ப்பான். "இது ஏன் மீன் செதில் மாதிரி இருக்கிறது?" என்று கேட்பான். அப்போது புழுவின் கதையைச் சொல்லுங்கள். காகிதம் காப்பாற்றிய ஆணியின் கதையைச் சொல்லுங்கள். பம்பாய்க்கு வராமல் எரிந்துபோன செம்பின் கதையையும் சொல்லுங்கள்.

மறுநாள் அவனே கத்தரிக்கோலும் செப்பு நாடாவுமாக வந்து நிற்பான்!